அரை டிகிரி

இரவு ஒன்றே முக்காலுக்கு பெலிக்ஸ் கூப்பிட்டான்.
"அரை டிகிரி, மங்கை. அரை டிகிரி கூடுதல்."
அவன் குரலுக்குப் பின்னால்
கிண்டி ஆய்வகத்து மின்விசிறியின் பழைய தடதடப்பு.

வேளச்சேரியில் எனக்குக் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள்.
அரை டிகிரி ஏறியதற்கு மகிழ்கிறவன்
இந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவனிடம் இருப்பது
ஒரு ஜாடி கனநீர்,
சுண்டுவிரல் நீளத்துக்குப் பல்லேடியம் கம்பி.
அதன் விலையைக் கேட்டுவிட்டு
ஹெப்சிபா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.
கம்பிக்குள் டியூட்டீரியம் ஏறுகிறது,
மாலை ஏழு மணி தாம்பரம் வண்டியில் ஏறுவதுபோல.
"இவ்வளவு நெருக்கினால் இணையாமல் எங்கே போகும்?"

நெருக்கம் வேறு, பெலிக்ஸ்.
மாம்பலத்திலிருந்து பரங்கிமலை வரை
என் தோளில் தோள் அழுத்தி நின்ற பெண்ணின்
பெயர்கூட எனக்குத் தெரியாது.
உன் உலோகத்துக்குள்
அவை வாயுவில் இருந்ததைவிடத் தள்ளித்தான் நிற்கின்றன.

மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு
செல்பேசி வெளிச்சத்தில் எழுதினேன்.
இரண்டு நேர்மின் கருக்கள், நடுவே சுவர்.
ஏறிக் குதிக்கச் சூடு போதாது.
சுவருக்குத் தெரியாமல் ஊடுருவலாம்,
அலைக்கு அந்தச் சலுகை உண்டு.
ஆனால் சுவரின் தடிமன்
நேராக அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
விநாடிக்கு, பத்தின் அடுக்கு
மைனஸ் அறுபத்து நான்கு.

சூரியன் எடைக்கு டியூட்டீரியம் வாயுவை
ஆறவைத்துவிட்டுக் காத்திருந்தால்
வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ இணைவு.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி
அதைவிட ஒழுங்காக வரும்.

மியூவான் இருந்தால் கதை வேறு.
எலெக்ட்ரானைப் போல இருநூறு மடங்கு கனத்த தரகன்,
இருநூறு மடங்கு நெருக்கி உட்காரவைப்பான்.
ஆயுளே இரண்டு மைக்ரோ விநாடி.
அதற்குள் நூறு கல்யாணம் முடித்துவிட்டு
ஏதோ ஒரு வீட்டில் விருந்தோடு ஒட்டிக்கொள்வான்.
வானத்திலிருந்து எப்போதாவது ஒருவன் விழுவான்தான்.
அவனை நம்பி உலை வைக்க முடியாது.

சூரியனே சோம்பேறி என்றேன்.
கிலோவுக்குக் கிலோ நிறுத்தால்
21ஜி படியில் தொங்குகிறவன்
அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு காய்கிறான்.
உள்ளே ஒரு புரோட்டான் துணை கிடைக்கக் காத்திருப்பது
பல நூறு கோடி ஆண்டு.
அந்தத் தாமதத்தில்தான் நாம் பிறந்து
வீட்டுக்கடன் கட்டுகிறோம்.

"கம்பிக்குள் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று…" என்று இழுத்தான்.
இருக்கலாம்.
எலெக்ட்ரான் கூட்டத்தைத் திரையாக்கி
தாராளமாகவே கொடுத்துப் பார்த்தேன்.
அறுபத்து நான்கு, ஐம்பதாக இறங்கியது.
உன் அரை டிகிரிக்கு இன்னும் நாற்பது சுழி பாக்கி.

"ஜாடி பக்கத்தில் எத்தனை நாளாய் உட்கார்ந்திருக்கிறாய்?"
"பதினோரு நாள். ஏன்?"

அந்தச் சூடு இணைவிலிருந்து வந்திருந்தால்
நியூட்ரான்கள் உன்னைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும்.
முதல் நாள் மாலையே
உன் வீட்டுக்கு யாராவது போன் செய்திருப்பார்கள்.
இப்போது நீ கொட்டாவி விடுவது கேட்கிறது.
உன் முடிவுக்கு எதிராக
இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

அவன் சிரிக்கவில்லை.
நான் பட்ட நிம்மதியை
எந்தச் சமன்பாட்டில் எழுதுவது என்றும் தெரியவில்லை.
"பக்கத்து அறை ஏ.சி. எத்தனை மணிக்கு நின்றது?"
"பார்க்கணும்."
தெர்மாமீட்டரை இடம் மாற்றி
மறுபடி ஓட்டுவதாகச் சொன்னான்.
ஓட்டு என்றேன்.

கரண்ட் வந்தது. ரசீது பறந்து கட்டிலுக்கடியில் போனது.
தேடி எடுத்தேன். சுழிகள் அப்படியே இருந்தன.
வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கட்டவேண்டும்.